ஏடனின் சுல்தானும் யாப்பகுவக் கடிதமும்

ஹாஜி அபூ உதுமானை அறியாத ஆள் எங்கட சமூகத்தில் குறைவு. மீலாத் விழா, பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, எந்த மேடையாக இருந்தாலும் 1283 ஆம் ஆண்டு ஒரு தரம் வந்துதான் போகும். யாப்பகுவையிலிருந்து ஆட்சி செய்த முதலாம் புவனேகபாகு மன்னர் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதற்குத் தலைமை தாங்கிப் போனவர் ஒரு முஸ்லிம். அந்தக் காலத்திலேயே அரசர்கள் எங்களை எவ்வளவு நம்பினார்கள் பாருங்கள் என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார், சபையும் தலையாட்டும். பாடசாலைக் காலத்தில் பேச்சுப் போட்டிக்கு இதையே பாடமாக்கி ஒப்புவித்தவன் நான். ஆகவே யாரையும் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தத் தூதுச் செய்தியில் ஒரு விஷயம் உண்டு. மேடைகளில் அதை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை. யெமன் நாட்டு மன்னரின் தூதர் தன்னிடம் வந்து நட்புறவு கேட்டதாகவும், கலாவூன் மீதுள்ள நேசத்தினால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எங்கட மன்னர் அதில் சொல்கிறார்.

ஏடன் துறைமுகத்தைக் கையில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் சுல்தானை இலங்கை மன்னர் வேண்டாம் என்கிறார். அதைக் கெய்ரோ வரை கொண்டுபோய்ச் சொல்பவர் ஒரு ஹாஜியார். சின்ன விஷயமில்லை இது. திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தூதரின் எஜமான் யார் என்று தேடத் தொடங்கினேன்.

அவர் அல்-மலிக் அல்-முழப்பர் யூஸுப். ரஸூலிய வம்சத்தின் இரண்டாவது சுல்தான். 1250 முதல் 1295 வரை 45 வருடங்கள் யெமனை ஆண்டவர். இந்த வம்சத்தின் பெயரே ஒரு வேடிக்கை. இவர்களுடைய முன்னோர் ஒருவர் பக்தாதில் அப்பாஸிய கலீபாவின் தூதராக ஊழியம் பார்த்தார். தூதருக்கு அறபில் ரஸூல். அதுவே பட்டப்பெயராகிப் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. தூதர் வம்சத்தின் தூதரைத்தான் நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

இவர்களை அறபு வம்சமென்று சொல்வதா என்பதிலும் வழக்கு இருக்கிறது. ரஸூலியரின் வரலாற்றை எழுதிய அல்-கஸ்ரஜி போன்றோர், ஷாமில் ஆண்ட கஸ்ஸானிய அறபு அரசர்களில் கடைசியானவரான ஜபலா இப்னு அல்-அய்ஹம் வரை இவர்களின் வழியைக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சந்ததி துருக்மானியரிடையே போய் வாழ்ந்து, அவர்களின் மொழியைப் பேசிப் பின்னர் திரும்பி வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலானோர் இவர்களைத் துருக்கி வழியினர் என்றே கொள்கிறார்கள். எனக்கு இதை வாசிக்கும்போது சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் எழுதிய மறுப்பும் ஞாபகம் வந்தன. வம்சக் கொடியைப் பற்றிய தகராறு ஏழைச் சோனகனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை போலும். யெமனைப் பிடித்து, அறபு மொழியில் ஆண்டு, அறபு இலக்கியத்தையும் மார்க்கக் கல்வியையும் வளர்த்த ஒரு வம்சத்துக்கே அந்தத் தேவை இருந்திருக்கிறது.

ரஸூலியர் யெமனுக்கு வந்தது அய்யூபியரின் பின்னால். ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரர் தூரான்ஷாஹ் 1173 இல் யெமனைப் பிடித்தார். அய்யூபியரின் கடைசி ஆட்சியாளர் நாட்டை விட்டுப் போகும்போது பொறுப்பை நூருத்தீன் உமர் என்ற அமீரிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன வழியில் மக்காவில் மௌத்தாகிவிட்டார். உமர் சில வருடங்கள் பிரதிநிதியாகவே இருந்து, பிறகு தானே சுல்தானென்று அறிவித்துக்கொண்டார். 1250 இல் அவருடைய சொந்த மம்லூக்குகளே அவரை ஜனத் நகரில் வைத்துக் கொன்றார்கள்.

அவருடைய மகன்தான் முழப்பர். வாப்பாவுக்கு இன்னொரு மனைவியின் பிள்ளைகளிடமே அதிக விருப்பம். மூத்த மகனைக் கரையோரச் சமவெளியான திஹாமாவில் அல்-மஹ்ஜம் என்ற இடத்துக்கு அனுப்பி வைத்திருந்தார். கொலை செய்த மம்லூக்குகள் ஒரு சிறிய வாப்பாவின் மகனை சுல்தானாக்கிக்கொண்டு ஸபீத் நகரை நோக்கிப் போனார்கள். ஸபீத் விழுந்திருந்தால் முழப்பரின் கதை அங்கேயே முடிந்திருக்கும். விழாமல் காத்தவர் அவருடைய சகோதரி, அத்-தார் அஷ்-ஷம்ஸி. நகர வாசல்களைப் பூட்டி, ஆட்களைத் திரட்டி, தம்பியோ அண்ணனோ வந்து சேரும்வரை என்று காத்திராமல் தானே காவலை நடத்தினார் அந்தப் பெண். முழப்பர் வந்து சேர்ந்து, போட்டிக்கு நின்ற உறவினரைச் சிறைபிடித்தார். பிறகு ஏடன், தஈஸ் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. எங்கட வரலாற்று நூல்களில் ஷஜருத் துர்ருக்கு ஒரு பக்கமாவது கிடைக்கும். அதே 1250 இல் ஸபீதைக் காத்த இந்தப் பெண்மணிக்கு ஒரு வரி கிடைத்து நான் கண்டதில்லை.

எட்டு வருடங்களின் பின் பக்தாத் விழுந்தது. 1258 இல் மொங்கோலியர் கலீபா முஸ்தஃஸிமைக் கொன்றார்கள். குத்பாவில் பெயர் சொல்ல ஒரு கலீபா இல்லை. முழப்பர் என்ன செய்தாரென்றால், ஒன்றையும் மாற்றவில்லை. கொல்லப்பட்ட முஸ்தஃஸிமின் பெயரே யெமன் நாணயங்களில் தொடர்ந்து வந்தது. கெய்ரோவில் மம்லூக்குகள் அப்பாஸிய வழியில் புதிய கலீபா ஒருவரை அமர்த்திய பிறகும் யெமன் மௌத்தான கலீபாவோடுதான் நின்றது. உயிரோடு இருக்கும் கலீபா கெய்ரோ சுல்தானின் கைக்குள் இருக்கிறார். மௌத்தான கலீபா யாருக்கும் கட்டளை போடமாட்டார். முழப்பரின் சாமர்த்தியம் இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது.

ஹிஜ்ரி 659 இல் (1261) அவர் ஹஜ்ஜுக்குப் போனார். பக்தாதின் வீழ்ச்சிக்குப் பின் கஃபாவுக்குக் கிஸ்வா போர்த்திய முதல் அரசர் அவரே. அதற்கு முன்பு, மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி தீப்பிடித்து மிம்பர் எரிந்துபோனபோது, புதிய மிம்பர் செய்து அனுப்பியவரும் அவரே. அந்த மிம்பர் பத்து வருடமளவில் இருந்தது. பிறகு எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் அனுப்பிய மிம்பர் அந்த இடத்துக்கு வந்தது; கிஸ்வா அனுப்பும் கௌரவத்தையும் எகிப்து தன் பக்கம் எடுத்துக்கொண்டது. பெரிய அண்ணன் வந்து நின்றால் சின்னவர் ஒதுங்க வேண்டியதுதானே. முழப்பர் கெய்ரோவுக்குத் தூதர்களையும் அன்பளிப்புகளையும் அனுப்பிக்கொண்டே இருந்தார், சண்டைக்குப் போகவில்லை.

ஒதுங்காத ஓர் இடம் இருந்தது. அது கடல்.

ஏடன் எப்படி வேலை செய்தது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு போன இப்னுல் முஜாவிர் விவரமாக எழுதியிருக்கிறார். மலை உச்சியில் காவலர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பாய் தெரிந்ததும் செய்தி ஆளுநருக்குப் போகும். சிறு படகுகளில் எழுத்தர்கள் போய்க் கப்பலேறி, யார் யார் வந்திருக்கிறார்கள், என்னென்ன சரக்கு என்று எழுதிக்கொள்வார்கள். கரைக்கு இறங்கும் ஆணின் தலைப்பாகை, சட்டைக் கை, இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு கிழவி இருப்பாள். கட்டுநாயக்காவில் வரிசையில் நின்று அலுத்தவர்கள் இதை வாசித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். சுங்கத் தீர்வையோடு, கடற்கொள்ளையரிடமிருந்து வணிகரைக் காக்கும் போர்ப்படகுகளுக்கென்று ஒரு வரியும் அய்யூபியர் காலத்திலிருந்து அறவிடப்பட்டது.

முழப்பரின் கடைசிக் காலத்து அரச அலுவலகக் குறிப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது. நூருல் மஆரிப் என்ற பெயரில் 2003 இலும் 2005 இலுமாக ஸன்ஆவில் இரண்டு பாகங்களாக அச்சானது. சரக்குகள், தீர்வைகள், அரண்மனைச் செலவுகள் என்று போகும் அந்தக் கணக்கேட்டில் ஒரு பட்டியல் என்னை நிறுத்திவிட்டது. இந்தியக் கரையோரத் துறைமுகங்களில் இருந்த காழிகளுக்கும் கத்தீப்மாருக்கும் யெமன் அரசு வழங்கிய கொடைகளின் பட்டியல் அது. குஜராத் கரையிலிருந்து மலபார் வழியாக மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரை வரை ஊர்கள் அதில் வருகின்றன.

யோசித்துப் பாருங்கள். அந்தத் துறைமுகங்களை ஆண்டவர்கள் முஸ்லிம் அல்லாத அரசர்கள். அவர்களின் நிழலில் முஸ்லிம் வணிகர்களும் பள்ளிவாசல்களும். அந்தப் பள்ளியின் கத்தீபுக்கு வருடத்துக்கொரு தரம் கப்பலில் ஏடனிலிருந்து கொடை வருகிறது. எதற்காக? குத்பாவில் யெமன் சுல்தானின் பெயரைச் சொல்லி துஆ கேட்பதற்கு என்று கொள்வதே பொருத்தம். நூறு வருடங்களின் பின்னர், 1393 இல், கள்ளிக்கோட்டை முஸ்லிம்களின் சார்பில் அவ்வூர்க் காழி அப்போதைய ரஸூலிய சுல்தானுக்கு எழுதி, தங்கள் குத்பாவில் அவருடைய பெயரைச் சொல்ல அனுமதி கேட்டதை அல்-கஸ்ரஜி பதிந்து வைத்திருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு முழப்பரின் பட்டியலுக்கு வேறு விளக்கம் தேட எனக்குத் தோன்றவில்லை.

முழப்பர் கடலில் படையெடுத்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பாரசீகத்துக்கு அவர் அனுப்பிய தூதரும் அன்பளிப்புகளும் இருந்த கப்பலைப் புயல் ழுபார் கரையில் தள்ளியது. அங்கு ஆண்ட ஸாலிம் இப்னு இத்ரீஸ் அல்-ஹபூழி அதைப் பறித்துக்கொண்டார். சுல்தான் எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை. தரையாலும் கடலாலும் படைகள் போயின. 1279 இல் ஸாலிம் கொல்லப்பட்டார். ழுபார் யெமனோடு சேர்ந்தது. குதிரை ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம் அது. இப்போது செங்கடல் வாயிலிலிருந்து இன்றைய ஓமானின் தென்கரை வரை அவர் கை நீண்டிருந்தது. பக்கத்து அரசர்கள் பலர் அன்பளிப்பு அனுப்பி நட்பைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

யாப்பகுவைக்கு யெமன் தூதர் வந்தது இந்த வெற்றிக்குப் பின்வந்த சில வருடங்களுக்குள் என்பது என் ஊகம். முழப்பரின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் தெளிவு. எதிர்க்கரையில் பாண்டியர் நாட்டுக் காயல் துறைமுகத்தில் குதிரை வியாபாரம் அவருடைய போட்டியாளர்களான பாரசீக வளைகுடாக்காரர் கையில். கீஷ் தீவின் தீபி குடும்பத்தைச் சேர்ந்த தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் மந்திரியாகவே இருந்தார். வருடத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்று 220 தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே வாசிக்க வேண்டும். குறைத்தாலும் பெரிய தொகைதான். அங்கே நுழைய இடமில்லாத யெமனுக்கு, கறுவாவும் மாணிக்கமும் மன்னார்ச் சலாபத்து முத்தும் உள்ள இலங்கை கட்டாயம் வேண்டிய இடம்.

புவனேகபாகு ஏன் மறுத்தார்? தூதுச் செய்தியே பதில் சொல்கிறது. தன்னிடம் முத்து, மாணிக்கம், யானை, துணி, சாயத்துக்கான பதங்கி மரம், கறுவா எல்லாம் உண்டு. ஈட்டிக்கு ஏற்ற மரம் உண்டு. சுல்தான் கேட்டால் வருடத்துக்கு 20 கப்பல்கள் தரமுடியும். எகிப்து வணிகர்கள் தாராளமாக வரலாம் என்கிறார். இடைத்தரகர் வேண்டாம், கடைசி வாங்குநரோடு நேரடியாகப் பேசுவோம் என்பதே சாரம். கறுவா கெய்ரோச் சந்தைக்குப் போகும் வழியில் அதிக இலாபத்தை எடுத்தது ஏடன். ஏடனோடு கைகோத்தால் அந்த நிலைமை நிரந்தரமாகும்.

அபூ உதுமான் போன பாதையும் இதையே காட்டுகிறது என்று நினைக்கிறேன். இலங்கையிலிருந்து எகிப்துக்குப் போக, வாடைக்காற்றில் பாயை விரித்து ஏடன், அங்கிருந்து செங்கடல், பிறகு நைல் நதி என்பது நேர்வழி. இவர் அப்படிப் போகவில்லை. ஹுர்முஸுக்குப் போய், யூப்ரடீஸ் நதிவழி பக்தாதுக்கு ஏறி, அங்கிருந்து தரைவழியே போயிருக்கிறார். மொங்கோலியர் நாட்டுக்கும் மம்லூக் நாட்டுக்கும் இடையே சாதாரண காலத்தில் கடக்க முடியாத எல்லை அது. ஆனால் 1282 இல் மொங்கோலிய அரியணைக்கு வந்த தகூதார், இஸ்லாத்தை ஏற்று அஹ்மத் என்று பெயர் வைத்துக்கொண்டு, கலாவூனுக்குச் சமாதானத் தூது அனுப்பியிருந்தார். அவர் ஆட்சி இரண்டே வருடம். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எங்கட ஹாஜியார் நுழைந்து போயிருக்கிறார். யெமன் தூதரை விரட்டிய செய்தியை மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பாகையைக்கூட அவிழ்த்துப் பார்க்கும் ஏடன் சுங்கத்துக்குள் யார்தான் போவார்கள்?

அதேநேரம், எகிப்தின் தூதர் ஒருவர் ஏடனில் தங்கியிருக்க வேண்டும் என்றும் மன்னர் கேட்கிறார். வாசலைச் சுற்றிப் போகலாம், ஒரு தடவை. 20 கப்பல்கள் வருடாவருடம் அப்படிப் போக முடியாதென்பது யாப்பகுவைக்குத் தெரிந்திருக்கிறது.

ஹிஜ்ரி 682 இல் கெய்ரோவில் நடந்ததைப் பாருங்கள். தங்கப் பேழையைத் திறந்தார்கள். உள்ளே மரப்பட்டை போன்ற ஒன்றில் எழுத்து. எங்கட ஓலையைத்தான் அவர்கள் அப்படி விவரித்திருக்க வேண்டும். அதை வாசிக்க அந்தப் பெரிய நகரத்தில் ஒருவரும் இல்லை. என்ன எழுதியிருக்கிறதென்று தூதரிடமே கேட்டார்கள். அப்படியானால் மக்ரீஸி போன்ற எகிப்து வரலாற்றாசிரியர் வழியாக எங்களுக்குக் கிடைத்திருப்பது ஓலையின் வாசகமல்ல, தூதரின் வாய்மொழி. யெமன் மன்னரைத் திருப்பி அனுப்பிய செய்தியும் அந்த வாய்மொழியில்தான் வருகிறது. விரும்பியிருந்தால் அவர் அதை விட்டிருக்கலாம். சரிபார்க்க யாருமில்லை. கஃபாவுக்குக் கிஸ்வா போர்த்திய ஒரு சுல்தான், அக்கரையில் கத்தீப்மாருக்குக் கொடை அனுப்பும் ஒரு சுல்தான். அவரைப் பற்றி, பௌத்த மன்னர் ஒருவரின் சார்பில், இன்னொரு முஸ்லிம் சுல்தானின் சபையில் ஒன்றும் மறைக்காமல் சொல்கிறார் அபூ உதுமான். அவர் யாருடைய ஆள் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

குத்பாவில் யார் பெயர் என்பது எங்கட பள்ளிகளிலும் ஒரு காலத்தில் இருந்த விஷயம்தான். எங்கட மூத்தவாப்பா சொல்லுவார், அவருடைய சின்ன வயதில் பழைய அறபுக் குத்பாக் கிதாபைத்தான் லெப்பை ஓதுவாராம், துருக்கி சுல்தானின் பெயர் வருமிடத்தில் ஆமீன் பலமாகக் கேட்குமாம். வெளியே வந்தால் வெள்ளைக்காரனின் தபால் முத்திரை, வெள்ளைக்காரனின் கோடு கச்சேரி. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் அவர்கள் வாழ்ந்தார்கள். அதுபற்றி அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை. மலபார்க் கரையில் யெமன் கொடையை வாங்கிக்கொண்டு உள்ளூர் அரசனுக்குச் சுங்கம் கட்டியவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

யாப்பகுவையின் திட்டம் நடக்கவில்லை. 1284 ஆம் ஆண்டளவில் புவனேகபாகு மன்னர் இறந்தார். பாண்டியர் படை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்து யாப்பகுவையைச் சூறையாடித் தந்த தாதுவையும் கொண்டுபோனது. கலாவூன் 1288 இல் யெமன், இந்தியா, சிந்து, சீன வணிகர்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் அமான் பத்திரம் வெளியிட்டார். வணிகம் பழையபடி ஏடன் வழியாகவே போனது. முழப்பர் 1295 வரை அசையாமல் இருந்தார். அவர் மௌத்தானபோது, வாழ்நாளெல்லாம் அவரோடு போராடிய ஸைதி இமாமே, காலத்தின் முஆவியா போய்விட்டார், எங்கள் ஆயுதங்களைத் தன் பேனாவால் வென்றவர் என்ற கருத்தில் பேசியதாகச் சொல்லப்படுகிறது. மகன் அல்-அஷ்ரப் உமர் வானியலில் தேர்ந்தவர். 1291 இல் அவர் செய்த அஸ்தர்லாப் இன்றும் நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்னு பதூதா 1344 இல் புத்தளத்தில் இறங்கியபோது அவரை வரவேற்றவர் ஒரு ஆரியச்சக்கரவர்த்தி மன்னர். அந்த மன்னரின் கப்பல்கள் நூறு, சிறிதும் பெரிதுமாக, மஃபர் கரையில் வந்து நின்றதைத் தான் கண்டதாக இப்னு பதூதா சொல்கிறார். அப்போது அந்தத் துறையில் மஃபர் சுல்தானின் எட்டுக் கப்பல்கள் புறப்பட ஆயத்தமாக இருந்தன. இவர்கள் அவற்றைப் பறிக்க வந்திருக்கிறார்கள் என்று அவருடைய ஆட்கள் சந்தேகப்பட்டுக் காவலைப் பலப்படுத்தினார்கள். வழியில்லையென்று கண்ட இலங்கைக்காரர், அந்தப் பக்கமாகப் போகும் எங்கட கப்பல்களுக்குத் துணையாகத்தான் வந்தோம் என்று சொன்னார்களாம். எந்தப் பக்கமாக? யெமனுக்கு.